கால்கள் இல்லாத ஆட்டப்பாட்டு: 1908 ஜூலு ஒலிப்பதிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் என்றாவது ஒருநாள் இந்த ஜூலுப் பாடல்களிடம் வந்து சேர்வார்கள். கரகரவென்று ஓர் இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு குரல், கொஞ்ச நேரத்தில் சட்டென்று முடிவு. கேட்டவர்களுக்கு உடனே கேள்விகள் எழும். எனக்கும் எழுந்தன. இத்தனை ஆண்டுகளில் நானே தேடித் தெரிந்துகொண்டதையும், நண்பர்கள் கேட்டபோது சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எந்தப் பதிவுகளைச் சொல்கிறீர்கள்?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1908இல் ஃபிரான்ஸ் மயர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஜூலு மக்களைப் பாடச்சொல்லிப் பதிந்தவை. வியன்னாவில் இருக்கும் ஒலி ஆவணக் காப்பகத்துக்காகப் பதியப்பட்டு, அங்கேயே பத்திரமாக இருக்கின்றன. ஜூலு இசைக்கு நம் காதால் கேட்கக்கூடிய மிகப் பழைய சான்றுகளில் இவை சேரும். இதற்கு முன்னும் ஜூலுப் பாடல்களை வெள்ளைக்காரர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் எழுத்தில் இருப்பது சொல் மட்டுமே. பாடியவரின் மூச்சு இதில்தான் இருக்கிறது.

மயர் யார்?

1865இல் ஆஸ்திரியாவின் கிழக்கு டிரோல் மலைநாட்டில் பிறந்தவர். 1890இல் நேட்டாலுக்கு வந்தார். டர்பனுக்கு அருகே பைன்டவுன் பக்கம் 1882இல் ஃபிரான்ஸ் ஃபானர் என்ற துறவி தொடங்கிய மரியன்ஹில் மடம் அப்போது பெயர் பெற்றிருந்தது. ஆஸ்திரிய, ஜெர்மானியப் பாதிரிமார் பலரை அந்த மடம்தான் அந்தப் பக்கம் இழுத்தது. மயர் பல ஆண்டுகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஜூலு மக்களிடையே பணியாற்றினார். ஆம், 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே ஊர்தான்.

மொழியை அவர் ஆழமாகக் கற்றார். ஜூலு கற்க விரும்புவோருக்குப் பாடநூல் எழுதினார். 1912இல் ஜூலுப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். பதிவுகள் செய்த அதே 1908இல் நேட்டால் அரசு அருங்காட்சியகத்தின் ஆண்டிதழில் ஜூலு இசை பற்றிய சிறு ஆய்வு ஒன்றையும் எழுதினார். பதிந்தவரே எழுதிய கட்டுரை இருப்பதால், ஒலியையும் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. அந்தக் காலத்துப் பதிவுகளில் இப்படி வாய்ப்பது அரிது.

1914இல் பக்கத்து நாடான சுவாசிலாந்தில் (இன்றைய எஸ்வாட்டினி) புதிய கத்தோலிக்கப் பணியைத் தொடங்கப் போனவர் அந்த ஆண்டே அங்கு கொல்லப்பட்டார். வயது 49.

நேட்டாலில் பாடியதை ஏன் வியன்னாவுக்கு அனுப்ப வேண்டும்?

1899இல் வியன்னாவின் அறிவியல் கழகம் ஒலிகளுக்கென்றே ஒரு காப்பகத்தைத் தொடங்கியது. உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது. உடலியங்கியல் அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னர் அதற்கு முன்னின்றார். உலக மொழிகள், உலக இசை, பெரிய மனிதர்களின் குரல் ஆகிய மூன்றையும் சேர்த்துவைப்பது நோக்கம். அடுத்த ஆண்டே பெர்லினில் கார்ல் ஷ்டும்ஃப் இன்னொன்றைத் தொடங்கினார். இரண்டு காப்பகங்களின் பழைய தொகுப்புகளும் 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

உலகெங்கும் ஆட்களை அனுப்பப் பணம் ஏது? ஏற்கெனவே அங்கங்கே குடியிருந்து, மொழி தெரிந்து, மக்களோடு பழகியவர்கள் தேவைப்பட்டார்கள். பாதிரிமார் அதற்குப் பொருந்தினார்கள். பயணம்போகும் ஆய்வாளர்களும் இருந்தார்கள். மயர் நேட்டாலில் பதிந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1907 முதல் 1909 வரை, ருடால்ஃப் பூக் என்ற வியன்னா ஆய்வாளர் கலஹாரிப் பாலைநிலத்தில் சான் மக்களின் குரலைப் பதிந்தார். பூக் பயணி; வந்தார், போனார். மயர் அங்கேயே வாழ்ந்தவர். இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் ஒரே மக்களோடு பேசிப் பழகியவர் பதிவுக் கருவியின் கொம்பை நீட்டிப் "பாடு" என்று சொல்வதும், நேற்று வந்தவர் சொல்வதும் ஒன்றாகாது.

அந்தக் காலத்தில் எப்படிப் பதிந்தார்கள்?

மின்சாரம் கிடையாது, மைக் கிடையாது. ஒரு பெரிய கொம்பு இருக்கும். அதன் வாயருகே நின்று பாடவேண்டும். குரலின் அதிர்வு கொம்பின் குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகட்டை ஆட்டும். தகட்டோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகில் பள்ளம் கீறும். குரல் உரத்தால் பள்ளம் ஆழமாகும். இவ்வளவுதான் தொழில்நுட்பம்.

எடிசனின் கருவியில் மெழுகு உருளையாக இருந்தது. வியன்னாக்காரர்கள் தங்களுக்கென ஒரு கருவி செய்தார்கள். ஊசி எடிசன் முறைப்படியே மேலும் கீழும் வெட்டும், ஆனால் மெழுகு தட்டையான வட்டாக இருக்கும். வட்டிலிருந்து உலோக எதிர்வார்ப்பு எடுத்து, அதிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. மெழுகு உருகும், பூஞ்சை பிடிக்கும், கைதவறினால் உடையும். உலோகம் நிற்கும். நூறாண்டு கழித்தும் நமக்குக் கேட்கிறது என்றால் அந்தக் கணக்குதான் காரணம். முதலில் செய்த கருவி நூறு கிலோவுக்கு மேல் எடையிருந்தது. பின்னால் எடையைக் குறைத்தார்கள்.

ஒவ்வொரு பதிவோடும் ஒரு தாள் நிரப்பவேண்டும். யார் பாடினார், எங்கே, எப்போது, என்ன மொழி, பாட்டின் சொற்கள் என்ன என்று. கேட்கச் சலிப்பான வேலைதான். ஆனால் அந்தத் தாள் இல்லாத ஒலித்தட்டு பெயர் எழுதாத புகைப்படத்தைப் போன்றது.

பாட்டுகள் ஏன் இவ்வளவு குறுகியவை? பாதியில் அறுந்தது போல் முடிகின்றனவே?

மெழுகில் இடம் அவ்வளவுதான். ஏறக்குறைய 2 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஜூலுப் பாட்டுக்கோ முடிவு என்ற ஒன்றே வழக்கத்தில் இல்லை. முன்பாட்டுக்காரர் ஓர் அடியை எடுப்பார். மற்றவர்கள் பதிலாக ஓர் அடி பாடுவார்கள். பதில் தருவதற்கு ஜூலுவில் 'உகுவூமா' என்று பெயர். அதே சொல்லுக்கு ஒப்புக்கொள்ளுதல், 'சரி' என்று சொல்லுதல் என்றும் பொருள். நம்மூரில் முன்பாட்டு முடிந்தபின் பின்பாட்டு வரும். ஜூலுவில் முன்பாட்டு முடியும் முன்பே பின்பாட்டு புகுந்துவிடும், பின்பாட்டு ஓயும் முன்பே அடுத்த முன்பாட்டு எழுந்துவிடும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சக்கரம்போலச் சுற்றும். சக்கரத்துக்குத் தொடக்கம் எங்கே, முடிவு எங்கே? ஆடுபவர்கள் களைக்கும்வரை, அல்லது முன்பாட்டுக்காரர் வேறு பாட்டுக்குத் தாவும்வரை ஓடும். ஓர் இரவு முழுக்க ஓடிய பாட்டின் 2 நிமிடத் துண்டுதான் நாம் கேட்பது.

ஆகவே 'அறுந்தது' என்று உங்களுக்குத் தோன்றினால் உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது.

ஆட்டத்தை எப்படி ஒலித்தட்டில் பதிந்தார்கள்?

பதியவில்லை, பதியவும் முடியாது. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இந்தத் தொகுப்பின் உயிரும் இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

ஜூலுவில் 'இங்கோமா' என்ற சொல் பாட்டையும் ஆட்டத்தையும் சேர்த்தே சொல்லும். பாட்டு தனி, ஆட்டம் தனி என்று பிரிப்பது அந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம். 'இந்த்லாமு' என்னும் ஆண்களின் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலைத் தலையளவுக்கு உயர்த்தித் தரையில் ஓங்கி மிதிப்பார்கள். வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் பாதமும் ஒரே கணத்தில் விழும்போது மண் அதிரும். அந்த மிதிதான் தாளம். கைதட்டலும், கேடயத்தில் கம்பு படும் ஓசையும், பெண்கள் இடுகிற குலவையும் அதோடு சேரும். ஜூலுப் பெண்களும் நம் பெண்களைப் போலவே நாக்கை அசைத்துக் குலவையிடுவார்கள். அதற்கு அவர்கள் மொழியில் 'உகுகிகிசா' என்று பெயர்.

இப்போது அந்தக் கொம்பை நினைத்துப் பாருங்கள். அது மிதியின் அடிக்குரலை வாங்காது. தாழ்ந்த ஒலிகள் எல்லாம் அதற்கு எட்டாதவை. கருவிக்குப் பக்கத்தில் பத்துப் பேர் மிதித்தால் ஊசி துள்ளிப் பள்ளம் சிதையும். கொம்பின் வாயருகே ஒருவர் நிற்கலாம், நெருக்கிக்கொண்டால் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் பின்னால் நின்றால் அவர்கள் குரல் தொலைவில் கேட்கும் சந்தைச் சத்தம்போல ஆகிவிடும். ஆடுகிறவர் ஒரு பக்கம் திரும்பினாலே குரல் கொம்பைவிட்டு விலகிவிடும். ஆக, ஆட்டப்பாட்டைப் பதிய வேண்டுமென்றால் ஆடாமல் நிற்கச் சொல்லவேண்டும்.

ஆட்டத்துக்காகப் பிறந்த பாட்டை அசையாமல் நின்று பாடுவது எவ்வளவு சிரமம் என்று கும்மி அடித்த எவருக்கும் தெரியும். கை சும்மா இருந்தால் அடி மறந்துபோகும். பல ஜூலு ஆட்டப்பாட்டுகளில் சொல்லின் அழுத்தமும் பாத மிதியும் ஒரே இடத்தில் விழுவதில்லை. குரல் ஓரிடத்தில் எழும், பாதம் அதற்குச் சற்று முன்னோ பின்னோ விழும். இந்த இழுபறியில்தான் பாட்டின் துடிப்பு இருக்கிறது. பாதத்தை எடுத்துவிட்டால் குரல் தடுமாறுவதுபோல, தாளம் தப்பியதுபோலக் கேட்கும். முதல்முறை கேட்பவர்கள் 'இவர்களுக்குத் தாளம் நிற்கவில்லையே' என்று நினைப்பது இதனால்தான். தாளம் பாடியவரின் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கொம்புக்கு அது கேட்கவில்லை.

இன்றைய இந்த்லாமு ஆட்டத்தின் காணொளி ஒன்றை முதலில் பார்த்து, அந்த மிதியைக் காதில் ஏற்றிக்கொண்டு, பிறகு பழைய பதிவுகளைக் கேளுங்கள். வெற்றிடம் என்று நினைத்த இடங்களில் பாதங்கள் வந்து விழும்.

முரசு அடிக்கமாட்டார்களா? ஆப்பிரிக்கா என்றாலே முரசு தானே?

ஜூலு மரபு அப்படியல்ல. பழைய ஜூலு ஆட்டங்களுக்கு முரசு தேவைப்படவில்லை. தரையும் பாதமும் கையும் போதும். 'இங்குங்கு' என்று ஒன்று உண்டு. பானை வாயில் தோலைப் போர்த்து, அதன்மேல் ஒரு நாணலை நிறுத்தி ஈரக்கையால் உருவினால் உறுமும். அதுவும் பெண்பிள்ளை வயதுக்கு வரும் சடங்கின்போது ஒலிப்பது; ஆட்டத்துக்கான முரசு அன்று.

அவர்களின் நுண்மையான கருவிகள் வில்கள். 'உகுபு' என்பது ஆள் உயர வில். அடிப்பக்கத்தில் சுரைக்குடுக்கை கட்டியிருக்கும். நரம்பைப் புல்தண்டால் தட்டுவார்கள். குடுக்கையின் வாயை மார்பருகே கொண்டுபோவதும் விலக்குவதுமாக, நரம்பின் ஒலிக்குள்ளேயே மெலிதாகக் கேட்கும் உள்ளொலிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். 'உமக்வெயானா' என்பதில் குடுக்கை வில்லின் நடுவில் இருக்கும், நரம்பை ஒரு கண்ணி இரண்டாகப் பகுக்கும். இளம்பெண்கள் காதல் பாட்டுக்கு வைத்துக்கொண்டது இது. இரண்டும் மிக மெல்லிய ஒலி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். மயர் தம் 1908 கட்டுரையில் ஜூலுக் கருவிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மெழுகின் காலத்தில் இப்படிப்பட்ட கருவிகளுக்கு எழுத்துதான் துணை.

என்னென்ன வகைப் பாட்டுகள் ஜூலு மரபில் உண்டு?

நிறைய. தெரிந்துகொண்டு கேட்டால் சுவை கூடும் என்பதால் முக்கியமானவற்றைச் சொல்கிறேன். 'அமஹூபோ' என்பவை குலத்துக்கோ படைப்பிரிவுக்கோ உரியவை. நிமிர்ந்து நின்று, நிதானமாக, கனமாகப் பாடுவார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தனக்கென ஒன்று இருக்கும். திருமணத்திலும் சாவிலும் அது எழும்போது முன்னோர்கள் வந்து நிற்பதாக நம்பிக்கை. 'இன்கொண்ட்லோ' மணப்பெண் வீட்டார் ஆடிப்பாடுவது. தாலாட்டும் பிள்ளைப்பாட்டும் 'இமிலோலொசெலோ'. வேட்டைக்கு, களையெடுப்புக்கு, குறிசொல்பவரைச் சுற்றிக் கைதட்டுவதற்கு எனத் தனித்தனிப் பாட்டுகள் இருந்தன.

'இசிபொங்கோ' பாட்டில் சேராது. அரசனையும் வீரனையும் முன்னோரையும் விரைந்த குரலில் புகழ்வது. நம் மெய்க்கீர்த்திக்குச் சற்று அருகில் வரும். புகழோடு குற்றத்தையும் சேர்த்துச் சொல்லும் உரிமை புலவனுக்கு உண்டு. 1927இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற முன்னாள் நேட்டால் அதிகாரி லண்டனில் கிராமபோன் தட்டுகளுக்காக இதைத் தாமே சொல்லிப் பதிந்தார். அவர் பாதிரியார் அல்லர். ஆனால் இந்த வரிசையில் அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை.

பாதிரிமார்தானே ஆட்டத்தைத் தடுத்தார்கள்? அவர்களில் ஒருவரே ஏன் பதிந்தார்?

நியாயமான கேள்வி. நேட்டாலில் 1830களிலிருந்து அமெரிக்கப் பாதிரிமார் இருந்தார்கள். பின்னர் நார்வேக்காரர்கள், ஜெர்மானியர்கள், ஆங்கிலேயர்கள் வந்தார்கள். பெரும்பாலோருக்கு ஜூலுத் திருமண ஆட்டமும் பீர்ப் பானையும் பலதார மணமும் ஒரே மூட்டைக்குள் இருந்தன. அமெரிக்கப் பணியினர் 1879இல் வகுத்த உம்சுண்டுசி விதிகள் பலதார மணத்தையும், பெண்ணுக்கு மாடு கொடுக்கும் 'லொபோலா' வழக்கத்தையும், பீரையும் சபை உறுப்பினருக்கு விலக்கின. மதம் மாறியவர்களுக்கு 'அமகோல்வா', அதாவது நம்பினவர்கள், என்று பெயர் வந்தது. கோட்டு போட்டு, நேரான சுவர் கொண்ட வீடு கட்டி, நான்கு குரலில் கீதம் பாடுவது அவர்களின் அடையாளமாயிற்று. ஆட்டம் மறுபக்கத்தாருடையது என்றானது.

அதே வேளையில், அந்த மக்களின் சொல்லைக் கவனமாகக் கேட்டு எழுதியவர்களும் பாதிரிமாரே. ஹென்ரி காலவே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்பிரிங்வேல் பணித்தளத்தில் (மிஷன் குடியிருப்பில்) ஜூலுக் கதைகளைக் கேட்டு, சொன்னபடியே ஜூலுவிலும் பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் 1868இல் அச்சிட்டார். மரியன்ஹில் மடத்தில் இருந்த பிரையன்ட் என்ற பாதிரியார் 1905இல் பெரிய ஜூலு அகராதியை வெளியிட்டார். ஒரு கை விலக்கியதை மறு கை எழுதிவைத்தது.

மயரை நான் எளிதில் மன்னித்துவிடவும் மாட்டேன், எளிதில் குற்றம் சொல்லவும் மாட்டேன். அவர் சபையின் ஆள். மக்களை மாற்ற வந்தவர். ஆனால் எதை மாற்ற வந்தாரோ அதன் அழகை அவர் காது மறுக்கவில்லை. பழமொழி சேர்த்தார், பாட்டைப் பதிந்தார், சுரம் எழுதினார். அந்தக் காதுக்கு நன்றி சொல்லலாம். பாட்டின் உரிமை பாடினவர்களுடையது என்பதையும் மறக்காமல் சொல்லவேண்டும்.

1908இல் நேட்டாலில் சூழல் எப்படி இருந்தது?

மோசமாக இருந்தது. அரசு தலைக்கு ஒரு பவுன் வரி போட்டதை எதிர்த்து 1906இல் சோண்டி குலத் தலைவர் பம்பத்தா கிளர்ந்தார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கில் ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலு அரச மரபின் தினுசுலு 1907 டிசம்பரில் கைதானார். அவர்மீதான வழக்கு 1908 நவம்பரில் கிரேடவுனில் தொடங்கியது. நேட்டாலில் ஆங்கிலிக்கப் பிஷப்பாக இருந்த கொலென்சோவின் மகள் ஹாரியட் அவருக்காக ஓயாமல் போராடினார். அப்படியும் தினுசுலுவுக்கு 1909இல் நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இந்த ஆண்டில்தான் அந்தப் பதிவுகள் நடந்தன. கேடயத்தோடு கூடி ஆடுவதையே சந்தேகத்தோடு பார்த்த ஆட்சியின் கீழ் ஆட்டப்பாட்டுகள் மெழுகில் ஏறின. தட்டில் இதெல்லாம் கேட்காது. ஆனால் இதை அறிந்தபின் அந்தக் குரல்களை வெறும் 'பழங்குடி இசை' என்று கேட்க என்னால் முடிவதில்லை.

சொற்கள் ஏன் புரிபடுவதில்லை? ஜூலு தெரிந்தவருக்காவது புரியுமா?

ஜூலு தெரிந்தவரும் திணறுவார். காரணம் இரண்டு.

ஒன்று, சொடுக்கொலிகள். நாம் இரக்கப்பட்டு 'உச்' கொட்டுகிறோமே, அது ஜூலுவில் ஒரு மெய்யெழுத்து. வண்டிக்காரர் மாட்டை முடுக்கக் கன்னத்தின் பக்கம் எழுப்பும் ஒலி இன்னொன்று. பாட்டில் மூடியைத் திறந்தாற்போல் மேலண்ணத்தில் வெடிப்பது மூன்றாவது. இவற்றின் கூர்மை உயர்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. கொம்பு அவற்றை மழுக்கிவிடும்.

மற்றது, தொனி. ஜூலுவில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். 'இதங்கா' என்ற சொல்லை ஒருவிதமாக ஏற்றி இறக்கினால் பூசணிக்காய், வேறுவிதமாகச் சொன்னால் தொடை. ஆகவே பாட்டின் மெட்டு பேச்சின் தொனியோடு ஒத்துப்போகவேண்டும். மரபுப் பாட்டில் மெட்டு சொல்லிலிருந்தே பிறக்கும். ஐரோப்பியக் கீதத்தின் மெட்டில் ஜூலுச் சொற்களைத் திணித்தபோது இது உடைந்தது. இறங்கவேண்டிய அசை ஏறியது, ஏறவேண்டியது இறங்கியது. பள்ளிகளில் 'டோ ரே மீ' என்று எழுத்தில் சுரம் எழுதும் முறையைக் கற்பித்தார்கள். நம் 'ச'வைப் போலவே 'டோ'வை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்த முறை வேகமாகப் பரவியது. இன்றும் ஜூலுச் சேர்ந்திசைக் குழுக்கள் அதைப் பார்த்துப் பாடுகின்றன. ஆனால் சுரம் எழுதத் தெரிந்ததும் சொல்லின் தொனி தானாக மெட்டில் அமர்ந்துவிடாது.

அப்படியானால் அமகோல்வாவின் பாட்டு போலியா?

அப்படிச் சொல்வது பெரும் தவறு. நேட்டால் எடன்டேல் கிறிஸ்தவக் குடியிருப்பில் 1895இல் பிறந்த ரூபன் கலூசா, பணித்தளப் பள்ளிகளின் இசைக் கல்வியிலிருந்து வந்தவர். ஜூலுக் கல்வியாளர் ஜான் தூபே நிறுவிய ஒஹ்லாங்கே பள்ளியில் படித்து, அங்கேயே பாடகர் குழுவை நடத்தினார். ஆப்பிரிக்கரின் நிலத்தைப் பறித்த 1913 நிலச் சட்டத்தை எதிர்த்து ஜூலுவில் பாட்டு கட்டினார். 1930இல் தம் குழுவோடு லண்டனுக்குப் போய் ஹெச்எம்வி நிறுவனத்துக்காக ஏறக்குறைய 150 பாட்டுகளைப் பதிந்தார். மயரின் பதிவுகளில் ஒரு பாதிரியார் மற்றவரைப் பாடவைத்தார். 22 ஆண்டுகளுக்குப் பின், பாடுபவரே இசையமைத்து, எதைப் பதிவது என்று தாமே முடிவுசெய்தார்.

இடையில் 1923இல் தென்னாப்பிரிக்கக் கறுப்பின எழுத்தாளரும் அரசியல் தலைவருமான சால் பிளாட்யே லண்டனில் சில பாட்டுகளைப் பதிந்தார். பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் தேசிய கீதத்தில் சேர்ந்த பாட்டு முதன்முதலாகத் தட்டில் ஏறியது அப்போதுதான். அவருக்குப் பியானோ வாசித்தவர் சில்வியா கொலென்சோ, மேலே சொன்ன பிஷப்பின் பேத்தி.

விலக்கப்பட்ட ஆட்டம் கிறிஸ்தவர்களிடம் திரும்பி வந்ததா?

வந்தது, ஆனால் பணித்தளத்தின் வாசல் வழியாக அல்ல. ஐசாயா ஷெம்பே 1910இல் நாசரேத் திருச்சபையைத் தொடங்கினார். டர்பன் பக்கத்து இனாண்டா அருகே எகுபகமெனியில் அதன் மையம் அமைந்தது. ஜூலு மரபின் ஆட்டத்தை அவர் வழிபாடாகவே ஆக்கினார். அங்கே ஆட்டத்துக்கு 'உகுசினா' என்று பெயர். வெள்ளை உடையும் தோலாடையும் அணிந்து, நிதானமாக, மணிக்கணக்கில் ஆடுவார்கள். அவருடைய கீதங்கள் 1940இல் நூலாயின. ஐரோப்பியக் கீத மெட்டின் சதுரக் கட்டு அவற்றில் இல்லை. முன்பாட்டும் பின்பாட்டும் மறுபடி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. மயரின் மெழுகில் விழாமல் போன பாதங்களை நான் அங்கேதான் கேட்கிறேன்.

பழைய பதிவின் சுருதியை நம்பலாமா?

கவனத்தோடு நம்பலாம். கருவி சற்று வேகமாகச் சுழன்றால் சுருதி ஏறும், குரல் மெலியும். மெதுவானால் பெண் குரல் ஆண் குரலாகும். பெர்லின் காப்பகத்தார் இதற்காகவே பதிவின் தொடக்கத்தில் நொடிக்கு 435 அதிர்வுள்ள ஊதுகுழலை ஊதச் சொன்னார்கள். அந்த ஒலியை அளவாக வைத்துப் பின்னால் வேகத்தைத் திருத்தலாம். எந்தப் பழைய பதிவிலும் 'இது இன்ன சுருதி' என்று அடித்துச் சொல்வதைவிட, ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கவனிப்பது பயன்தரும். வேகம் மாறினாலும் இடைவெளியின் விகிதம் மாறாது.

எங்கே கேட்கலாம்?

வியன்னாக் காப்பகம் தன் பழைய தொகுப்புகளை வரிசையாகக் குறுந்தகடுகளில் வெளியிட்டது. மயரின் 1908 ஜூலுப் பதிவுகள் 2006இல் விளக்கக் குறிப்புகளோடு வந்தன. ஒலியை மட்டும் கேட்காதீர்கள். குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நான் இப்போதுதான் தொடங்குகிறேன். எந்த வரிசையில் கேட்பது?

மயரிலிருந்து தொடங்காதீர்கள். இரைச்சல் உங்களை விரட்டிவிடும். முதலில் இளவரசி மகோகோவைக் கேளுங்கள். 1900இல் பிறந்தவர், மேலே சொன்ன தினுசுலுவின் மகள். உகுபு வில்லை மீட்டிப் பாடுவதில் அவருக்கு இணை இல்லை. 1984இல் மறைவதற்கு முன் அவர் பாடியவை நல்ல கருவிகளில் பதிவாகியிருக்கின்றன. அந்த வில்லில் வெறும் நரம்பின் ஒலியும், விரலால் பிடித்து எழுப்பும் ஒலியும் ஏறக்குறைய அரைச்சுரம்தான் விலகியிருக்கும். அந்தச் சிறு இடைவெளிமேல் அவர் பாட்டு முழுவதும் நிற்கும். காது அதற்குப் பழகட்டும்.

அடுத்து ஆட்டத்தின் காணொளி. பிறகு கலூசா. கடைசியில் மயரின் தட்டுகள், நல்ல காதொலிப்பானில், ஒன்றை நான்கைந்து முறை. முதல்முறை இரைச்சல் கேட்கும், இரண்டாம் முறை குரல், மூன்றாம் முறை பின்பாட்டு எங்கே நுழைகிறது என்பது. அதற்குப் பிறகு எழுந்து நின்று, கையைத் தட்டிக்கொண்டு கேட்டுப்பாருங்கள்.